மாதுளைச் சருகு

1981 நவம்பர், வெள்ளி

வாசல் மாதுளை இன்றும் கரும்புள்ளி விழுந்த இலைகளாக உதிர்த்தது. சவூதி போகும் முன் என்னைக் கட்டிய மச்சான் பூவின் அழகுக்காக நட்ட மரம். மருந்து அடித்தும் பயனில்லை. உதிர்ந்த இலையை எரிக்காவிட்டால் பூஞ்சாணம் மறுபடி ஏறும் என்று வேளாண்மை ஆபீஸில் சொன்னார்கள். கூட்டிக் குவித்துத் தீக்குச்சியைக் கிழித்தேன். மாமி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார்.

"வெளிநாட்டுல இருக்கற எம்புள்ள வச்ச மரம். அதுக்குப் போயி நெருப்பு வெப்பியா?"

"மரத்துக்கு இல்ல மாமி, சருகுக்குத்தான்."

கேட்கவில்லை. அத்தனையையும் அள்ளி மரத்தடியிலேயே உரமாகக் கொட்டினார். இத்தனை நாளும் இதைத்தான் செய்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்படியே விட்டா, அவங்க வர்ற வரைக்கும் மரம் நிக்காது மாமி."

மாமி சருகின் மேல் மண்ணைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "மரம் நிக்கும்டி. மொதல்ல அவன் வரட்டும்."