சுதனின் அம்மா ஏசிய பாட்டு

அண்ணை,

இன்று காலை ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டு வாசலில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பிரித்ததும் புது இசைத்தட்டின் வாசம் முகத்தில் அடித்தது. பாட்டு வெளியிட நான் நடத்தும் சின்ன லேபலின் பதினான்காவது வெளியீடு. கை தானாகவே முதல் தட்டை எடுத்துக் கடித உறைக்குள் போட்டது. உங்கள் பெயரை எழுதி முடித்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அழுதேன். பிறகு எழும்பித் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

நம்முடைய தமிழ் வானொலியில் ஞாயிறு மூன்று மணி உங்களுடையது. பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல், பழைய சினிமாப் பாட்டு, நடுவில் கராஜ் ரொக். வீட்டுக் கராஜுக்குள் மூன்று பேர் நின்று கிற்றாரும் டிரம்ஸுமாக ஒரே மூச்சில் அடித்துப் பாடும் அந்தச் சத்தத்தை வேறு எந்தத் தமிழ் அறிவிப்பாளரும் கிட்ட எடுக்கவில்லை. நீங்களோ முன்கூட்டிக் கேட்டும் பார்க்க மாட்டீர்கள். மைக்குக்கு முன்னால் உறையைக் கிழித்து அப்படியே போடுவீர்கள். "நானும் உங்களோடதான் முதல்முதல் கேக்கிறன்" என்பீர்கள். நேயர்கள் தொலைபேசியில் திட்டுவார்கள். "சரி அம்மா, அடுத்தது உங்கட பாட்டு" என்று சிரித்துச் சமாளிப்பீர்கள்.

என்னுடைய முதல் வெளியீட்டிலேயே நான் விட்ட பிழை உங்களுக்கு மறந்திருக்காது. ஹவுன்ஸ்லோவில், குழுவில் பாடிய சுதனின் வீட்டுக் கராஜில் பதிந்தது ஒன்று. பிறகு ஸ்டூடியோவில் துப்புரவாகப் பதிந்தது ஒன்று. இரண்டும் ஒரேமாதிரி வெள்ளை சீடி. அவசரத்தில் கராஜில் பதிந்ததை உங்களுக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் அதைப் போட்ட ஞாயிறு விமான நிலையக் கடையில் எனக்கு ஷிப்ட். இடைவேளையில் வானொலியைக் காதில் மாட்டிக்கொண்டு பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு முடிகிற நேரம் சுதனின் அம்மா கதவைத் திறந்துகொண்டு வருகிறார்: "எடேய், நிப்பாட்டுங்கோடா! பக்கத்து வீட்டுக்காரன் கவுன்சிலுக்குப் போன் அடிக்கப்போறான். சோறு ஆறுது, வந்து தின்னுங்கோடா!"

லண்டன் தமிழர் அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. பிறக்க முதலே என் லேபல் பகிடியாகிவிட்டது என்று நினைத்தேன். இதோடு மூடிவிடுவோம் என்றும் நினைத்தேன்.

"அண்ணை, அது பிழையான சீடி. சரியானதைப் போடுங்கோ, பிளீஸ்" என்று உங்களிடம் கெஞ்சினேன்.

"ஓம் தங்கச்சி, வாற கிழமை போடுறன். எது நல்லதெண்டு சனம் சொல்லட்டும்."

எந்தப் பதிவை அச்சடிப்பது என்று அடுத்த ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை சொல்லும்படி தட்டு அச்சடிக்கிறவர்கள் கேட்டிருந்தார்கள். ஞாயிறு நீங்கள் சொன்னபடியே துப்புரவானதைப் போட்டீர்கள். ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் தொலைபேசியில் அழைக்கவுமில்லை. அந்த அமைதிதான் என்னை வதைத்தது. கடைசியில் விம்பிள்டனிலிருந்து ஒரு அம்மா லைனில் வந்தார். "தம்பி, இது வேண்டாம். அந்த மனுசி ஏசின பாட்டைப் போடுங்கோ. எங்கட வீடு மாதிரிக் கிடந்தது" என்றார்.

நிகழ்ச்சி முடிந்ததும் எனக்குப் போன் எடுத்தீர்கள். "வெக்கப்பட்டுப் பதிஞ்ச பாட்டு ஒருத்தருக்கும் கேக்காது" என்றீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் திங்கள் காலை கராஜில் பதிந்ததைத்தான் அச்சுக்கு அனுப்பினேன். இன்றுவரை எங்களிடம் ஆட்கள் கேட்டு வாங்குவது அந்தத் தட்டைத்தான்.

உங்கள் செத்தவீட்டுக்குச் சுதனின் அம்மாவும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர குரலையும் பாட்டெண்டு போட்ட மனுசன், பிள்ளை" என்று விம்மினார். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

இன்று தேத்தண்ணி குடித்த கையோடு வானொலி நிலையத்துக்குப் போன் எடுத்தேன். உங்கள் நேரத்தில் இனிப் பழைய பாட்டு மட்டும்தான் என்றார் பொறுப்பாளர்.

"இந்தச் சத்தத்தை இனி ஆர், பிள்ளை, போடுறது?"

"நான் வந்து போடுறன்."

"மைக்கில கதைச்சுப் பழக்கமிருக்கோ?"

"இல்லை. பிழை விடுவன். சனம் கேக்கும்."

 "ஞாயிறு ரெண்டரைக்கு வாங்கோ" என்றார்.

வாய் தடுமாறும், அண்ணை. தட்டை மாற்றிப் போட்டாலும் போடுவேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும். வெட்கப்பட மாட்டேன்.