அறுந்துவிடாத நூல்

சோஃபியா
2 மார்ச் 2024

அன்பு அக்கா யோர்தான்காவுக்கு,

நீயும் கோலியோ அத்தானும் இந்தக் குளிரை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இரத்த அழுத்தம் குறித்துவைக்க உன் போனில் போட்டுக் கொடுத்தேனே, எங்கள் அலுவலகத்துச் செயலி, அது நேற்று முதல் புது வேடம் கட்டியிருக்கிறது. பாதிப் பேர் ஏன் விட்டுப் போகிறார்கள் என்று கண்டுபிடிப்பது என் வேலை. பலரிடம் பேசிப் பார்த்தேன். அளவு ஏறினால் திரை சிவக்கிறது. திட்டு வாங்க யாரும் திரும்பி வருவதில்லை. பாராட்டினால் வருகிறார்கள். அதனால் சிவப்பை எடுத்துவிட்டு, மார்ச் பிறந்ததும் எல்லோரும் கையில் கட்டி, முதல் நாரையைக் காணும்வரை அவிழ்க்காமல் வைத்திருக்கும் நூலைத் திரையில் வைத்தோம். அளவு சரியாக இருந்தால் தினம் ஒரு முடிச்சு வளரும். கூடினால் நூல் அறுந்துவிடும்.

மேலாளர் திமோவுக்குக் குஷி. "நாரையைக் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி நூல் அறுந்துபோக நம்ம ஜனங்க விட்டுருவாங்களா மேடம்?" என்றார். விட்டுப்போனவர்கள் ஒரே நாளில் கூட்டமாகத் திரும்பியிருக்கிறார்கள். எனக்கு இந்த விளையாட்டில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் யோசனை என்னுடையது.

உன் தங்கை,
ஸ்லாத்தினா

சிலிஸ்த்ரா
7 மார்ச் 2024

செல்லத் தங்கைக்கு,

போன் செய்தால் எடுக்கமாட்டாய், கடிதம் மட்டும் பக்கம் பக்கமாய் எழுதுவாய். போகட்டும்.

உன் நூல் எங்கள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. லிஃப்டில் பக்கத்து வீட்டு பென்கா மறித்துக்கொண்டாள்.

"எத்தனை முடிச்சுடீ உனக்கு?"

"உன்னோடதவிட ஒண்ணு கூட."

"வாயத் தொறந்தா பொய். உப்புல ஊறின மிளகாயை ஜாடியோட முழுங்கறவளுக்கு முடிச்சு எங்கேர்ந்துடீ வளரும்?"

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பாள். உன் செயலியோ "அருமை, யோர்தான்கா" என்கிறது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்னிடம் அப்படி யார் சொன்னார்கள்? அத்தானா?

சில காலைகளில் மட்டும் எண் பிடிவாதம் பிடிக்கிறது. அதைப் போடுவதில்லை. டீ குடித்துவிட்டு மறுபடி பார்த்து, எது சின்னதோ அதைப் போடுகிறேன். நேற்று என்ன செய்தும் இறங்கவில்லை. முந்தின நாள் எண்ணையே போட்டுவிட்டேன். நாரை வருவதற்குள் அறுந்தால் வருஷம் முழுக்க ஆகாதே. தலை கனக்கிறது. எல்லாம் மார்ச் காற்று.

உன் அக்கா

சோஃபியா
12 மார்ச் 2024

அக்கா,

உனக்குப் பக்கவாதம் என்று அத்தான் போனில் சொன்னார். பேச்சு குழறவில்லை, வலது கைதான் அசையவில்லை என்றார். அவரைத் தவிர யாரையும் ஞாயிறு வரை உள்ளே விடமாட்டார்களாம்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்தது. அலுவலகத்தில் பிரித்தேன். "யார் சொன்னார்கள், அத்தானா?" என்ற இடத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். சிரித்தார்கள், கைதட்டினார்கள். அடுத்த வரிகளை என் மேசைக்கு வந்துதான் படித்தேன். புரியாமல் இல்லை. உடனே போன் செய்தால் திட்டுவது போல் இருக்கும், நேரில் வரும்போது பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். சிவப்பை எடுக்கச் சொன்ன அதே புத்திதான் இதையும் சொன்னது.

நூலை எடுத்துவிடச் சொல்லி திமோவிடம் கேட்டேன். "ஏப்ரல்ல தானா போயிடும், விடுங்க" என்றார்.

இந்த ஞாயிறு மன்னிப்பு ஞாயிறு. முதல் பஸ்ஸில் வருகிறேன். வழக்கப்படி உன் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஸ்லாத்தினா

சிலிஸ்த்ரா, மருத்துவமனை
14 மார்ச் 2024

ஸ்லாத்தினாவுக்கு,

நான் சொல்ல அத்தான் எழுதுகிறார். தபாலில் போட்டால் நேரத்துக்குச் சேருமோ சேராதோ என்று பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வராதே.

அன்றைக்குச் சின்னவர்கள் கேட்டால் பெரியவர்கள் "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னித்தேன்" என்று சொல்லித்தான் ஆகவேண்டும். போன வருஷம் என் பூந்தொட்டியை உடைத்த பென்காவின் மகளுக்கும் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிடும். உனக்கு அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பொய் எண் போட்டது நான். அதற்கு உன்னைக் குறை சொல்லமாட்டேன். உன் செயலிக்கு என் முகம் தெரியாது. உனக்குத் தெரியும். தலை கனக்கிறது என்று நான் எழுதியது உனக்குத்தான், கைதட்டியவர்களுக்கு அல்ல.

திங்கட்கிழமை வா. அன்று எந்த வழக்கமும் கிடையாது. நீ கேள். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

யோர்தான்கா