இடது தோளில் ஈரம்

4, திங்கள்
காலையிலேயே வெயில். ஏழு மணிக்கு இடது தோளில் ஈரம். தொட்டுப் பார்த்தேன், சட்டை காய்ந்துதான் இருக்கிறது. துண்டால் துடைத்தேன். மறுபடி ஈரம். கை காதுக்கு மேல் எழவில்லை.

இதுவரை எக்ஸ்ரே - ஒன்றுமில்லை. ஸ்கேன் - ஒன்றுமில்லை. நரம்பு டெஸ்ட் - அதுவும்.

மகள் கௌரி பார்த்துவிட்டாள். "எத்தினி தபா தொடப்ப நைனா? அங்க ஒண்ணும் இல்ல."

கௌரி அம்மா வள்ளி போய்ச் சேர்ந்து எட்டு மாதம். நாளை திருப்பதி. நரம்பு டாக்டர் ஒரு கவுன்சிலிங் மேடத்திடம் அனுப்புகிறார். எனக்கென்ன பைத்தியமா?

5, செவ்வாய்
பஸ்ஸில் புத்தூர் வரை நின்றுகொண்டே. மேடத்துக்குக் கௌரி வயதுதான் இருக்கும். பாதி தெலுங்கு, பாதி தமிழ். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

"கண்ண மூடிக்கோங்க. செப்பண்டி, சொல்லுங்க, அந்த ஈரம் எவ்ளோ பெரிசு?"

நாலு விரல் அளவு என்றேன்.

"சூடா, சில்லுன்னா?"

சில்லென்று.

"தோள் கெட்டுப்போகல. எப்பவோ நடந்தது ஒண்ணு முடிஞ்சுபோச்சுன்னு உங்க உடம்புக்கு இன்னும் தெரியல, அவ்ளோதான்."

நல்ல கதை என்று நினைத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. மானம் போயிற்று. பக்கத்து சீட்டு ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈரம் வரும்போது எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்றாள் மேடம். இந்த நோட்டிலேயே எழுதலாம்.

7, வியாழன்
ஈரம் - காலை, மதியம், இப்போது.

எழுதிவிடுகிறேன். பவர்லூம் தறி ஓடும்போது எங்கள் வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. பின்னால் வந்து தோளைத் தட்டுவோம். வள்ளி இடது தோளில் இரண்டு தட்டு தட்டினால் சோறு ரெடி.

அன்று தட்டவில்லை. கையை வைத்தாள். ஈரக் கை. தறியில் சிவப்புப் பாவு நூல். ஒரு சொட்டு பட்டால் சாயம் ஊறிக் கறையாகிவிடும். பாத்திரம் கழுவிய கையோடு வந்து நிற்கிறாளே என்று எரிச்சல். திரும்பாமலே தோளைக் குலுக்கி அந்தக் கையைத் தள்ளினேன்.

கரண்ட் போய்த் தறி நின்ற பிறகுதான் திரும்பினேன். தரையில் கிடந்தாள். எவ்வளவு நேரமாக, தெரியாது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

"அவ என்னக் கூப்பிடவே இல்ல" என்று எல்லோரிடமும் சொன்னேன். கௌரியிடமும்.

8, வெள்ளி
வாங்க வேண்டியது: ரீசார்ஜ், காபித்தூள், தைலம் (வேண்டாமோ?).

சாயங்காலம் கரண்ட் கட். தெருவே அமைதி. கௌரி பூ கட்டிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். ஈரக் கை, சாயம், தோளைக் குலுக்கியது, எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கையிலிருந்த வாழைநாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு பாத்திரம் நான்தான் நைனா கழுவினேன். அம்மா காலைலேருந்தே படுத்துக்கினு இருந்துச்சு. நெஞ்சு ஒரு மாதிரி கீதுன்னுச்சு. வாயுன்னு சோடா வாங்கிக் குடுத்துட்டு நான் வேலைக்குப் போய்ட்டேன்."

அப்படியென்றால் அவள் கையில் இருந்தது தண்ணீர் இல்லை. வேர்வை.

கரண்ட் வந்தது. பக்கத்து வீட்டுத் தறி ஓட ஆரம்பித்தது. நான் எங்கள் தறியைப் போடவில்லை.

வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டேன். நாலு விரல் ஈரம். துடைக்கவில்லை.