மூடிய கிணற்றில் பைப் இறக்கியது

வெள்ளிமலை
6-9-1993

அன்புள்ள மகன் ராமனுக்கு,

உன் அப்பா குப்பன் எழுதுகிறேன். வாத்தியாரிடம் சொல்லி எழுதவில்லை. நானே எழுதுகிறேன். அறிவொளி வகுப்பில் எழுத்தெல்லாம் முடிந்துவிட்டது. காலையிலிருந்து இந்த ஒரு பக்கம்தான். கை வலிக்கிறது. நன்றாக இருக்கிறது.

நேற்று உனக்குப் பரிசம். நீ வரவில்லை. பெண் வீட்டில் சோறு ஆறிப்போனது. வெள்ளச்சியின் அப்பா முனியன், "மாப்ள வராத பரிசத்த நான் பாத்ததே இல்ல. பொரட்டாசி பொறக்கறதுக்குள்ள காரணம் சொல்லு. இல்லாங்காட்டி வெள்ளச்சிக்கு வேற எடம் பாத்துக்கறேன்" என்றார். அவளை விட்டால் நீ வேறு பெண்ணைக் கட்ட மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

காரணத்தை உடனே எழுது. பெரிய எழுத்தாக எழுது.

இப்படிக்கு,
குப்பன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)


ரிக் முகாம், திருவாரூர்ப் பக்கம்
10-9-1993

அன்புள்ள அப்பாவுக்கு,

யார் கையெழுத்து என்று முதலில் தெரியவில்லை. கீழே உங்கள் பெயர்! முகாமில் எல்லோரிடமும் காட்டினேன்.

சனிக்கிழமை பஸ் ஏற இருந்தேன். எண்ணெய்க் கிணற்றிலிருந்து பைப்பை மேலே எடுக்கும்போது, அடியில் கேஸ் புகுந்துவிட்டது. உடனே கிணற்றின் வாயை மூடினோம். பெரிய ரப்பர் வளையம் ஒன்று பைப்பைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். கேஸை அடக்க, கனமான சேற்றை அடியில் செலுத்த வேண்டும். அதற்குப் பைப் அடிக்குப் போக வேண்டும். வாயைத் திறந்தால் எல்லாம் வெடித்துக் கிளம்பும். ஆகவே மூடிய ரப்பர் வழியாகவே பைப்பை மெல்ல மெல்ல இறக்கினோம். பைப் உள்ளே போகிற அளவுக்கு, கிணற்றில் ஏற்கெனவே இருக்கும் சேற்றை வெளியே விட வேண்டும். விடாவிட்டால் பிரஷர் ஏறும். அதிகம் விட்டால் இன்னும் கேஸ் வரும். பைப்பில் சின்னப் பிசிர் இருந்தாலும் ரப்பர் கிழியும். அரம் போட்டுப் பிசிர் எடுத்து, கிரீஸ் தடவியது நான். எல்லாம் அடங்கத் திங்கள் ஆகிவிட்டது. யாரும் வெளியே போக முடியவில்லை. முனியன் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

எனக்குப் பயமாக இருந்தது அப்பா. ரப்பர் கிழிந்தால் வெள்ளச்சியை இனிப் பார்க்க முடியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இதை மட்டும் அவர்கள் வீட்டில் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகன்
ராமன்


வெள்ளிமலை
16-9-1993

அன்புள்ள ராமனுக்கு,

கடிதத்தை முனியன் வீட்டுக்கே எடுத்துப் போய்ப் படித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னாயா இது, கெழட்டு மாடு மேடு ஏர்ற மாதிரி நின்னு நின்னு போற?" என்றார். ரப்பர் வளையம் பற்றிப் படித்ததும் கிட்டே நகர்ந்தார். நான் மூச்சு வாங்கினால், "அப்புறம் இன்னா ஆச்சு, படிய்யா" என்று பிடுங்கினார். வெள்ளச்சி சாமை குத்துவதை நிறுத்திவிட்டாள்.

மனதுக்குள் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை. சத்தமாகத்தான் வரும். நீ பயந்ததைப் படித்தேன். சொல்ல வேண்டாம் என்பதையும் படித்தேன். பிறகுதான் புரிந்தது.

முனியன் வெள்ளச்சியைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளச்சிதான், "பயந்துக்கினே நின்னு முடிச்சிருக்காரு இல்ல? அடுத்த தபா கெணத்த நல்லா மூடிட்டு முன்னாடியே பஸ் ஏறச் சொல்லுங்க மாமா" என்றாள். முனியன் சிரித்துவிட்டார். ஐப்பசியில் பரிசம்.

இனி அவளுக்கே கடிதம் போடு. நேற்று வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அவள் தேறும் வரை நான்தான் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். பார்த்து எழுது.

இப்படிக்கு,
குப்பன்