அம்மாவின் இரண்டாம் சுற்று

ஏப்ரல் 11, 2022, திங்கள்

அமல்தாஸ் என் அம்மாவின் ஓட்டைத் திருடிவிட்டான். மாமா என்று கூப்பிட்டுப் பழகிய ஆள்தான். இந்த நோட்டில் அந்த மரியாதை கிடையாது.

நேற்று பிரான்ஸ் அதிபர் தேர்தலின் முதல் சுற்று. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட வில்லியனூரில் உட்கார்ந்துகொண்டு பிரான்சுக்கு ஓட்டுப் போடும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். அம்மா பிரெஞ்சுக் குடிமகள், அண்ணன் பவுல்ராஜும் அப்படியே. நான் இல்லை. அண்ணன் பிறந்ததும் ஓடிப்போய் பிரெஞ்சு ஆபீசில் பதிந்த அப்பா, நான் பிறந்தபோது, "பொட்டப் புள்ளதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம். பார்க்காமலே செத்துப்போனார்.

'பிரான்ஸ் சொந்தங்கள்' வாட்ஸப் குழுவில் இன்று காலை ஒரு பட்டியல். ஆளாளுக்கு யாருக்குப் போட்டோம் என்று பெருமையாகச் சொல்ல, அட்மின் அமல்தாஸ் அதைக் கொடிப் படம் போட்டுத் தொகுத்திருக்கிறான். எட்டாவது பெயர் மதலேனாள். என் அம்மா. எதிரே, வெளியிலிருந்து குடியேறி வருகிறவர்களைத் தடுப்பேன் என்கிற அந்தப் பெண் வேட்பாளர்.

நேற்று குருத்தோலை ஞாயிறு. அம்மா காலையெல்லாம் கோயிலில். மதியம் என் கண்முன்னால் தூங்கினாள். எப்போது போட்டாள்?

ஏப்ரல் 12

கேட்டேன். பதில் வருவதற்குள் அரை முறம் கொத்தவரங்காய் நறுக்கி முடித்துவிட்டாள்.

வருஷா வருஷம் பென்ஷனுக்காக 'உயிரோடு இருக்கிறேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். மார்ச்சில் அமல்தாஸ் வேன் வைத்து, விதவைகளை எல்லாம் டவுனில் இருக்கும் பிரெஞ்சு ஆபீசுக்கு அழைத்துப் போனான். அம்மா ஒரு தாளுக்குப் பதில் இரண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இரண்டாவது, தன் ஓட்டைத் தனக்குப் பதிலாக அவன் போடலாம் என்று எழுதிக்கொடுக்கும் தாள்.

"உள்ள இருந்தவரு பிரெஞ்சுல இன்னாவோ கேட்டாருடி. அமலு, 'வீ'ன்னு சொல்லுக்கான்னான். சொன்னேன்."

வீ என்றால் ஆமாம். அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அது. மீதி மெர்சி, நன்றி.

ஏப்ரல் 13

அவன் ஜெராக்ஸ் கடைக்கே போனேன்.

"சட்டப்படிதாம்மா போட்டேன். அக்கா கையெழுத்து இருக்குது பாரு."

"யாருக்குப் போடணும்னு கேட்டீங்களா மாமா?"

"அக்காவுக்கு இன்னா தெரியும்? வயசானவங்க வெயில்ல நிக்க வாணாமேன்னு சேவையா பண்றேன்." பிறகு மெஷினில் தாளை வைத்துக்கொண்டே, "நீ இன்னாத்துக்குக் குதிக்கிற? உனக்குத்தான் அங்க ஓட்டே இல்லியே."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒரு ஆள் இத்தனை பேருக்குத்தான் போடலாம் என்று கணக்கு இருக்கிறதாம். அதனால் கிழவிகளைத் தன் பெண்டாட்டி, தம்பி, மச்சான் என்று பங்கு வைத்திருக்கிறான். 24ஆம் தேதி இரண்டாம் சுற்றுக்கும் அதே கையெழுத்து செல்லுமாம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஏப்ரல் 15, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையில் அமல்தாஸ் முதல் வரிசை. கண்ணை மூடிக்கொண்டு. சீ.

ஏப்ரல் 18

"அங்க வெளிநாட்டான் வந்து ரொம்பிட்டான். அந்தம்மா வந்தாதான் சரிப்படும்." குழுவில் இதை எழுதியவர் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா. மருமகனுக்கு பிரான்ஸ் விசா கிடைக்க வேண்டும் என்று போன மாதம் இதே குழுவில் நவநாள் ஜெபம் கேட்டவர். ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. பதினாறு கும்பிடு எமோஜி.

அம்மாவின் போனை எடுத்து எழுதினேன்: 'நான் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. என் பெயரை எடுங்கள்.'

பத்தே நிமிடத்தில் பாரீசிலிருந்து அண்ணன்.

"ஏன்டி மானத்த வாங்குற? அமல் மாமா இல்லன்னா அம்மா பேப்பரெல்லாம் யாரு எழுதுவா, நீயா?"

"நான் எழுதுறேன்."

"உனக்கு பிரெஞ்சு தெரியுமா?"

தெரியாது. கிளாசுக்கு அனுப்பியது உன்னைத்தானே.

அம்மா பக்கத்தில் நின்று, "அழிச்சிடுடி, அவன் கோச்சுக்குவான்" என்றாள். அழித்தேன்.

ஏப்ரல் 20

பிரெஞ்சு ஆபீசுக்கே போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். எழுதிக்கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, பதிலுக்குப் போடுகிறவர் போடுவதற்கு முன்னால் அம்மா நேரில் வந்தால் அம்மாவே போடலாம். அடையாள அட்டை போதும். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்.

நான்கு நிமிடப் பேச்சு. இத்தனை வருஷமாக ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே, ஏன்? எதுவானாலும் 'அமலைக் கேளு'. நானும் அப்படித்தானே வளர்ந்தேன்?

ஏப்ரல் 22

மூன்று நாளாக அம்மாவுக்குப் பாடம். இரண்டாம் சுற்றுக்கு மிஞ்சிய இரண்டு பேர் படத்தையும் போனில் காட்டி, இவர் வேண்டும், அந்தம்மா வேண்டாம், அங்கே தெருவில் அண்ணனைப் பார்ப்பவனுக்கு அவன் பாஸ்போர்ட்டா தெரியும், தோல்தான் தெரியும் என்று கத்தினேன்.

"சரிடி. சரிடி. எத்தினி வாட்டி சொல்லுவ?"

"யாருக்கு? சொல்லிக் காட்டு."

"அடுப்புல பாலு இருக்குது."

ஏப்ரல் 24, ஞாயிறு

விடியற்காலையிலேயே அம்மா பண்டிகைப் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். அட்டையை ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தாள். நேற்று மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் ஏறினோம்.

எட்டுக்கு ஐந்து நிமிடம். வாசலில் என்னை நிறுத்திவிட்டார்கள். நான் இந்தியாக்காரி. அம்மா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவள் வெளியே வரும்போது அமல்தாஸ் வேன் வந்து நின்றது. அவன் முகம் போன போக்கு!

"இன்னாக்கா, நீங்க எதுக்கு செரமப்பட்டு... நான் இருக்கறப்ப—"

"போட்டுட்டேன் அமலு. எனக்கோசரம் நிக்காத."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் நடக்கவில்லை, குதித்தேன்.

ஏப்ரல் 25

புதுப் பட்டியல். மதலேனாள் பெயருக்கு எதிரே வெறும் கோடு. கீழே அமல்தாஸ்: 'அக்கா, யாருக்குப் போட்டீங்க? சொன்னா லிஸ்ட முடிச்சிடுவேன்.'

அம்மா படிக்கச் சொன்னாள். படித்தேன். போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு முறத்தை இழுத்துக்கொண்டாள்.

எனக்கு அப்படிச் சிரிப்பு. சிரித்து முடித்து, "நான் சொன்னவருக்குத்தானே போட்ட?" என்றேன்.

ஒரு கொத்தவரங்காயை எடுத்து நறுக்கினாள்.

"அந்தம்மாவுக்கா?"

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவனோடு மல்லுக்கட்டியது யார்? போன் செய்தது யார்? வாசலில் நின்றது யார்?

"அவனுக்குச் சொல்ல வாணாம். எனக்குச் சொல்லும்மா. யாருக்குப் போட்ட?"

அம்மா அடுத்த கொத்தவரங்காயை எடுத்து நுனியைக் கிள்ளினாள்.