பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம்

மார்ச் 3

நாற்பத்தேழு வயதில் புது வேலையின் முதல் நாள். நான்கு வருடம் முன்பு வரை சிறைக்காவலன். இன்று துணை விமானி. கண்ணாடி முன் நின்று தோள்பட்டைக் கோடுகளைத் தடவிக்கொண்டிருந்தேன். "இருபது வருஷம் மாமியார் வீட்ல இருந்தாச்சு. இப்பவாவது சிரிச்சிக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள் மனைவி.

மார்ச் 11

வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவன் என் அம்மாவை இழுத்துத் திட்டினான். கை தானாக மடங்கியது. விரிக்க நேரமாயிற்று.

சிறையில் எனக்குப் பதில் இந்தக் கைதான் பேசும். கைவிலங்கோடு நின்ற ஒருவனை அடித்து இரண்டு விலா எலும்பை உடைத்தேன். விசாரணையில் 'வழுக்கி விழுந்தான்' என்று எழுதிக்கொடுத்தேன். அதற்கு அப்புறம்தான் ராஜினாமா, விமானப் பயிற்சி எல்லாம். சின்ன வயது ஆசை என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவும் உண்மைதான். ஆனால் முழுசா?

மார்ச் 19

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

பட்டப்பகல். முப்பத்தைந்தாயிரம் அடி. ஓட்டிக்கொண்டிருந்தது நான். முன்வரிசைப் பயணி ஒருவன் இன்னும் மது கேட்டிருக்கிறான், பணிப்பெண் மறுத்திருக்கிறாள். விமானி அறைக் கதவுக்கு வெளியே நடப்பதைக் காட்டும் சின்னத் திரையில் பார்த்தேன் — அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, உணவு வண்டியின் விளிம்பில் முகத்தை மோதினான். ஒரு தடவை இல்லை. பிறகு எங்கள் கதவை உதைத்தான். திரும்பவும் அவளிடம் போனான். இன்டர்காமில் அவள் குரல்: "அண்ணே வாங்க... யாராச்சும் வாங்க..."

பெல்ட்டை அவிழ்த்துவிட்டேன்.

"உக்காருங்க" என்றாள் கேப்டன். முப்பது வயதுப் பெண். குரல் உயரவே இல்லை.

"கொன்னுருவான் மேடம் அவள!"

"கதவத் திறந்தா அவன் உள்ள வந்துருவான், நூத்தி அறுபது பேரும் போயிடுவோம். அண்ணே, இப்ப ஓட்டுறது நீங்க."

பெல்ட்டைத் திரும்ப மாட்டினேன். கேட்டுக்கொண்டே ஓட்டினேன். பயணிகள் நாலு பேர் சேர்ந்து அவனை மடக்கிக் கட்டிப்போடுற வரைக்கும் கேட்டுச்சு. எல்லாம் கேட்டுச்சு.

பக்கத்து விமான நிலையத்தில் இறங்கிக் கதவைத் திறந்தால், கம்பளத்தில் ரத்தம். இரண்டு பற்கள். அவனைக் கைவிலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். எதிரே போய் நின்று கையை ஓங்கினேன். அவன் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு கண்ணை மூடினான். அன்றைக்கு அந்தக் கைதியும் இப்படித்தான் மூடினான்.

சீ, என்ன கை இது!

இறக்கிவிட்டேன்.

மார்ச் 20

அந்தப் பணிப்பெண்ணுக்குத் தாடை இரண்டு இடத்தில் முறிவாம்.

ஏப்ரல் 6

நான் அன்று எழுதிக்கொடுத்தது பொய் என்று சிறைத்துறைக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். மனைவியிடமும் சொன்னேன்.

"வேலை போயிடுமா?"

"போகலாம்."

"அந்த ஆளுக்கு எலும்பு கூடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

ஜூன் 9

என்மீது விசாரணை அடுத்த மாதம். அதுவரை பறக்கலாம் என்றார்கள்.

இன்று அந்தப் பணிப்பெண் வேலைக்குத் திரும்பினாள். கிளம்பும் முன் காபியோடு விமானி அறைக்குள் வந்தாள். தாடை லேசாகக் கோணியிருக்கிறது.

"அன்னிக்கு நான் கூப்பிட்டது கேட்டுச்சா அண்ணே?"

"ஒரு வார்த்தை விடாம."

"வந்திருந்தா என்ன பண்ணிருப்பீங்க?"

"அவனக் கொன்னிருப்பேன்."

யோசித்தாள். "நல்லவேளை. அதையும் வேற நான் பாத்திருக்கணும்."

வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டு விழுந்ததா என்று ஒரு தரம் தள்ளியும் பார்த்தாள்.