கார் வராத பாதையில் கோரை

அக்டோபர் 14, செவ்வாய்

கேட்டிலிருந்து போர்டிகோ வரை கோரை மறுபடியும் முளைத்துவிட்டது. போன வாரம்தான் முழங்கால் வலிக்க உட்கார்ந்து பிடுங்கி, கல் இடுக்கிலெல்லாம் உப்பைக் கொட்டினேன். மழையில் உப்பு கரைந்து ஓரத்து மல்லிகைச் செடிதான் கருகியது. கோரைக்கு ஒன்றும் ஆகவில்லை. வயலாக இருந்த மனை. மண்ணடித்துக் கல் பதித்தாலும் அடியில் கிழங்கு கிடக்கத்தானே செய்யும்.

இன்று மறுபடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "ஏம்மா இப்படிக் கெடந்து அல்லாடுற? தெனம் கார் ஏறி எறங்குனா புல்லு தன்னால அடங்கிடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் குனிந்து அடுத்த கொத்தைப் பிடுங்கினேன்.

ஊருக்கு வந்ததும் கார் வாங்குவேன் என்று, துபாயில் இருந்தபடியே அளவு சொல்லி இந்தப் பாதையைப் போட வைத்தவர் என் வீட்டுக்காரர்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வீடியோ காலில் வந்தார். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிட்டாங்க. என்ன பண்றது" என்றார். பிறகு, "கார் பாதையக் காட்டு. புல்லு மண்ட விட்டுடாத" என்றார்.

பிடுங்கி முடித்த பாதியை மட்டும் காட்டினேன்.

"அப்படியே புதுசா இருக்கு" என்று சந்தோஷப்பட்டார்.

இப்போது மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பாதியிலும் நாளைக்குப் பச்சை தெரியும்.